பன்றிக் குட்டிகளின் நிர்ப்பீடனமும் மூலிகைத் தீனியும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் சிலர், தவிட்டையும் தோட்டக் கழிவையும் வீணாக்காது இரண்டொரு பன்றிகளையும் வளர்க்கின்றனர். புத்தளம் தொடக்கம் கம்பகா வரையுள்ள மேற்குக் கரையோரத்தில் இத்தொழில் நன்கு நிலைபெற்றுள்ளது. இவர்களுக்குப் பெருநட்டம் நேர்வது குட்டிகள் பால் மறக்கும் காலத்திலாகும். முதல் நாள் துள்ளித் திரிந்த குட்டி, மறுநாள் கழிச்சல் கண்டு, முதுகு கூனி மூலையில் ஒடுங்கும். அப்பொழுது உள்ளியும் மஞ்சளும் அரைத்து ஊட்டுவோர் உளர். இதிற் பயனுண்டு, ஆயினும் அப்பயனின் எல்லையை அறிதல் வேண்டும்.

பன்றிக் குட்டி தாயின் வயிற்றிலிருக்கும்போது நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளைப் பெறுவதில்லை. அவற்றைச் சீம்பாலின் மூலமே பெறுகின்றது. பிறந்து ஏறக்குறைய 24 மணித்தியாலங்கள் கடந்தபின் குடல் அவற்றை உறிஞ்சுவதில்லை. ஆதலால் மெலிந்த குட்டியை முதற் சில மணித்தியாலங்களுக்குள் முலையிற் பிடித்து ஊட்டுதல் எம்மூலிகையினும் மேலானது. இவ்வாறு பெற்ற பாதுகாப்பு மூன்று, நான்கு கிழமைகளிற் குன்றிவிடும்; குட்டியின் சொந்த நிர்ப்பீடனமோ அப்பொழுது முற்றியிராது. இவ்விடைவெளியிற் பாலை நிறுத்தினாற் குடல் இலகுவில் நோய்க்கு இடங்கொடுக்கும்.

முன்னர் இதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தீனியிற் கலந்தனர். கிருமிகள் அம்மருந்துகளுக்குப் பழகிவிடுதல் கண்டு, அவற்றை வளர்ச்சிக்காகத் தீனியிற் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் நிறுத்தியது. மருந்தளவில் நாக ஒட்சைட்டைக் கலப்பதையும் 2022 இல் விலக்கியது. மூலிகைகளின்பால் ஆராய்ச்சியாளரின் நாட்டம் மிகுந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

உள்ளியின் காரப்பொருள் அதை நசுக்கும்போதே உண்டாகின்றது. முழுப் பூண்டை அவித்துக் கொடுத்தால் அப்பொருள் உண்டாகாது. ஆகவே பச்சையாக நசுக்கிச் சற்று நேரம் வைத்துக் கலத்தல் நன்று. மஞ்சளின் குர்க்குமின் இரத்தத்திற் சேர்வது மிகச் சிறிது. பெரும்பகுதி குடலிலேயே தங்குகின்றது. குட்டியின் தொல்லையும் குடலிலேயே இருத்தலால் இது குறையன்று. அளவு மிகுந்தாற் குட்டிகள் மணம் பிடியாது தீனியை ஒதுக்கும். பால் மறந்த குட்டி பட்டினி கிடத்தல் கழிச்சலினும் கேடாகும். பரிசோதனைகளின் பெறுபேறுகளும் ஒருதன்மையன அல்ல. ஈரமும் சாணமும் நிறைந்த தொழுவத்தில் மூலிகையை நம்பியிருத்தல் ஆகாது.

இரும்புக் குறைவையும் மூலிகை தீர்க்காது. குட்டிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் இரும்பு வேண்டும். தாய்ப்பாலிற் கிடைப்பதோ 1 மில்லிகிராம் அளவே. சீமேந்துத் தரையில் வளரும் குட்டிகளுக்கு மூன்றாம் நாளளவில் இரும்பு ஊசி இடுவித்தல் வேண்டும்.

2024 இல் இலங்கையிற் பரவிய ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு மருந்தே இல்லை. பன்றியிறைச்சி கலந்த உணவுக் கழிவை ஊட்டலாகாது. கடுங்காய்ச்சலுடன் தோல் சிவந்து பன்றிகள் திடீரென இறப்பின், உள்ளி அரைப்பதில் ஒரு நாளைக் கழியாது, எஞ்சிய பன்றிகளை விற்காமலும் வேறிடங் கொண்டுசெல்லாமலும் அன்றே மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.