காப்பியின் பிறந்தகம்

காலையில் காப்பி வர ஐந்து நிமிஷம் தாமதமானால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் காப்பியின் பிறந்தகம் எது தெரியுமா? முன்னாளில் அபிஸீனியா என்று சொல்லி வந்த எதியோப்பியாதான். அதன் தென்மேற்கு மலைக் காடுகளில் அராபிகா காப்பிச் செடி இன்றும் தானாகவே முளைத்து வளர்கிறது.

பிறந்தகத்தில் அதற்கு நடக்கும் உபசாரத்தைக் கேளுங்கள். தரையில் பசும்புல் பரப்பிச் சாம்பிராணி புகைப்பார்கள். வீட்டுப் பெண் பச்சைக் கொட்டையைக் கழுவி, விருந்தாளிகளின் கண்ணெதிரிலேயே வறுப்பாள். அந்த வாசனையை எல்லோரும் முகர வேண்டுமென்று, புகை எழும் வாணலியை ஒவ்வொருவர் அருகிலும் கொண்டு போவாள். பிறகு உரலில் இடித்து, 'ஜெபனா' என்ற மண் கூஜாவில் கொதிக்க வைத்து, பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றுவாள். இப்படி மூன்று சுற்று! மூன்றாவதற்குப் பெயர் 'பரக்கா', அதாவது ஆசீர்வாதம். அதைப் பெறாமல் நடுவில் எழுந்து போவது மரியாதை அல்ல.

ஆகவே பேச நிறைய நேரம் உண்டு. நாமும் இரண்டு கதை பேசுவோமே!

ஆக்ஸும் நகரில் சுமார் 1,700 ஆண்டுப் பழமையான கல் தூண் ஒன்று இருந்தது. எதியோப்பியாவைப் பிடித்த முஸோலினியின் ஆட்கள் 1937-ல் அதை ரோமாபுரிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 1960-ல் அதே ரோமில் ஒலிம்பிக் பந்தயம். மாரத்தான் ஓட்டத்துக்கு எதியோப்பியச் சக்கரவர்த்தியின் காவல் படை வீரர் அபெபே பிகிலா வந்தார். புது பூட்ஸ் காலுக்குச் சரிப்படவில்லை. கழற்றி வைத்துவிட்டு, கல் பாவிய வீதிகளில் 42 கிலோமீட்டரும் வெறுங்காலில் ஓடினார்! இருட்டிய பிறகு, பந்தயம் முடியும் தறுவாயில், அந்தத் தூணின் அருகே கூட ஓடியவரை விட்டு முன்னேறி முதலாவதாக வந்தார். 1964-ல் டோக்கியோவில், குடல்வால் ஆபரேஷன் ஆகிச் சில வாரங்களிலேயே, மறுபடியும் வென்றார். தூண் என்னவாயிற்று என்கிறீர்களா? 2005-ல் மூன்று துண்டுகளாக விமானமேறித் திரும்பி, 2008-ல் சொந்த மண்ணில் நிமிர்ந்து நின்றது.

இரண்டாவது கதை நம் இனத்தார் கதை, பெண்ணினத்தைச் சொல்கிறேன். மாடு மேய்த்து வளர்ந்த தெரார்ட்டு துலு, 1992-ல் பார்ஸிலோனாவில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். ஆப்பிரிக்கக் கறுப்பினப் பெண்களில் ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல்வர் அவரே. இரண்டாவதாக வந்தவர் தென்னாப்பிரிக்காவின் வெள்ளைக்காரப் பெண் எலானா மேயர். நிறவெறி காரணமாக நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்த அந்நாடு ஒலிம்பிக்குக்குத் திரும்பிய வருஷம் அது. தெரார்ட்டு அவருக்காகக் காத்திருந்தார். இருவரும் கைகோத்து மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள்.

போனதெல்லாம் தூணைப் போலத் திரும்பி வருமா? காப்பி பிறந்த காடுகள் சுருங்கி வருகின்றன. காட்டு அராபிகா இப்போது அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வெட்டிய காட்டை எந்த விமானம் கொண்டு வந்து இறக்கும்?

நாளைக் காலை டவராவில் ஆற்றும்போது, அந்தப் பிறந்தகம் செழிக்க வேண்டுமென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அம்மா. அதுவே நம் பரக்கா.