சாம் வில்சனின் இறந்தகாலத்தை எழுதியவர்கள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் துணிக்கடைகளில் கேப்டன் அமெரிக்காவின் கேடயம் அச்சிட்ட சிறுவர் பனியன்கள் தொங்குகின்றன. அந்தக் கேடயம் ஒரு கறுப்பினத்தவரின் கைக்கு வந்து சேர்ந்த கதையே, 2021 மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆறு பகுதிகளாக வெளியான ‘தி ஃபால்கன் அண்ட் தி வின்டர் சோல்ஜர்’ தொடர். அதன் மாந்தர் இருவருடைய காமிக்ஸ் மூலத்தை வடசென்னையிலிருந்து வாசிப்பவர்களுக்கு அது முற்றிலும் அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது.

ஃபால்கன் எனப்படும் சாம் வில்சனை 1969இல் ஸ்டான் லீயும் ஓவியர் ஜீன் கோலனும் உருவாக்கினர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் சமூகப் பணியாளராக அவர் சித்திரிக்கப்பட்டார். 1975இல் அதே இதழ் அவ்வரலாற்றைத் தலைகீழாக்கியது. சாம் உண்மையில் ‘ஸ்னாப்’ என்னும் பட்டப்பெயர் கொண்ட ரவுடியாம். அவருடைய நற்பண்புகள் நாஜி வில்லன் ரெட் ஸ்கல் புகுத்தியவையாம். ஹார்லெம்காரரின் ஒழுக்கம்கூட ஒரு நாஜியிடம் பெற்ற இரவல்!

காசிமேடு, வியாசர்பாடி என்றதும் அரிவாளையும் கஞ்சாவையும் காட்டும் திரைப்படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. சாதியைப் பெயர்சொல்லிக் குறிப்பிடத் தயங்கும் சினிமாவுக்கு ‘ஏரியா’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது.

தொலைக்காட்சித் தொடர் ‘ஸ்னாப்’ கதையைத் தொடவேயில்லை. அது நல்ல முடிவு. அங்கே சாம் லூசியானாவின் மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தையின் படகைக் காக்க அவரும் சகோதரியும் வங்கியை நாடுகின்றனர். அதிகாரி ஃபால்கனை அடையாளம் கண்டு மகிழ்கிறார். கடன் மட்டும் கிடைப்பதில்லை. காசிமேட்டுப் படகுக்காரர்களுக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை.

மற்றவர் ஐசாயா பிராட்லி. ராபர்ட் மொராலஸ் எழுதி, கைல் பேக்கர் வரைந்து, 2003இல் நிறைவுற்ற ‘ட்ரூத்: ரெட், ஒயிட் அண்ட் பிளாக்’ என்னும் ஏழு இதழ்க் காமிக்ஸில் அவர் பிறந்தார். ஸ்டீவ் ராஜர்ஸை மாவீரனாக்கிய மருந்தை மீண்டும் உருவாக்க, இரண்டாம் உலகப்போரின்போது முந்நூறு கறுப்பினப் படைவீரர்கள் சோதனைப் பொருள்களாக்கப்படுகின்றனர். பெரும்பாலோர் மடிகின்றனர், குடும்பங்களுக்குப் பொய் சொல்லப்படுகிறது. உயிர்பிழைத்த ஐசாயா கேப்டன் அமெரிக்காவின் உடையை எடுத்தணிந்து போரிடுகிறார். பரிசாகக் கிடைப்பது சிறை.

இக்கற்பனையின் வேர் அலபாமாவின் டஸ்கீகியில் உள்ளது. 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களை ஆய்வுக்குட்படுத்தியது. அவர்களுள் 399 பேர் சிபிலிஸ் நோயாளிகள். பென்சிலின் பயன்பாட்டுக்கு வந்த பின்னரும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. நோய் உடலை எவ்வாறு அழிக்கிறது என்பதைப் பார்ப்பதே நோக்கம். அதிபர் கிளின்டன் 1997இல் மன்னிப்புக் கேட்டார்.

காமிக்ஸின் முதிய ஐசாயா மருந்தின் விளைவால் மனம் சிதைந்து, தன் கதையைச் சொல்ல இயலாதவராகிறார். மனைவி ஃபெய்த் சொல்கிறார். தொடரில் கார்ல் லம்ப்ளி நடித்த ஐசாயாவோ கொரியப் போர்வீரர். முப்பதாண்டுச் சிறையையும் சோதனைகளையும் தாமே, சினம் குறையாமல் சொல்கிறார். பாதிக்கப்பட்டவர் தம் வாயால் பேசுவது மூலத்தைவிட ஒருபடி மேலானது. ஆனால் இறுதியில் அருங்காட்சியகத்தில் அவருக்குச் சிலை எழுகிறது, சிறையிலிட்டவர்கள்மீது வழக்கு எழுவதில்லை. அம்பேத்கர் சிலைகளை இரும்புக் கூண்டுகளுக்குள் பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் காட்சியில் மனம் முழுமையாக நெகிழவில்லை.

ஐசாயாவின் பேரன் ஈலை தொடரில் சிறு பாத்திரமாகவே வருகிறான். 2005இல் தொடங்கிய ‘யங் அவெஞ்சர்ஸ்’ காமிக்ஸில் அவனே ‘பேட்ரியாட்’ என்னும் நாயகன்.