‘ரெச்சிட்’ என்று எதைச் சொல்வது?

‘ரெச்சிட்’ என்ற ஆங்கிலப் பெயரடையை நிதானமாகப் பார்ப்போம். உச்சரிக்கும்போது ரெச், சிட் என்று இரண்டு அசையும் கேட்க வேண்டும்.

முதல் பொருள், பெருந்துயரம். காய்ச்சலில் சுருண்டு கிடப்பவர் ‘ஐ ஃபீல் ரெச்சிட்’ என்பார். செய்த தப்பு மனதை அரிக்கும்போதும் அதையே சொல்வார். இரண்டாவது பொருள், கேடுகெட்டது, இழிந்தது. மூன்றாவது வெறும் எரிச்சல். பூட்டில் திரும்பாத சாவியைப் ‘பாழாய்ப்போன சாவி’ என்று திட்டுவோமே, அந்த இடத்திலும் இது வரும். முன்னால் ‘தி’ சேர்த்தால் வதைபட்ட மக்கள் எல்லாரையும் குறிக்கும். ஃபிரான்ஸ் ஃபனான் 1961இல் பிரெஞ்சில் வெளியிட்ட நூலுக்கு ‘தி ரெச்சிட் ஆஃப் தி எர்த்’ என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தது அப்படித்தான்.

துயரமும் இழிவும் ஒரே சொல்லுக்குள் எப்படிச் சேர்ந்தன? பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவனைக் குறித்தது. நாதியற்றவன் துன்பப்பட்டான், துன்பப்பட்டவனை மற்றவர்கள் கேவலமாகவும் பார்த்தார்கள்.

அந்தப் பார்வை நம்மிடமும் உண்டு. ஆனால் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை நோக்கிக் கழைதின் யானையார் பாடிய பாட்டு, புறநானூற்றில் 204ஆவது, இழிவு எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டுகிறது. கொடு என்று கேட்பது இழிவு. கொடுக்கமாட்டேன் என்பது அதைவிட இழிவு. இந்தா என்று தானே நீட்டுவது உயர்வு. வேண்டாம் என்பது அதைவிட உயர்வு. கடல் எவ்வளவு தெளிந்திருந்தாலும் தாகம் எடுத்தவர் அதைக் குடிக்கமாட்டார்; மாடு கலக்கிச் சேறானாலும் குடிக்கிற நீர் இருக்கும் பக்கம்தான் பல தடங்கள் போகும் என்றும் சொல்கிறார். கேட்பதையும் மறுப்பதையும்தான் அவர் தராசில் வைக்கிறார். இல்லாதவன் இழிந்தவன் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை.

ஆங்கிலத்தில் எழுதும்போதும் அந்த நிதானம் வேண்டும். ஏழை ஒருவரை ‘ரெச்சிட் மேன்’ என்று எழுதினால், கேடுகெட்டவர் என்றும் படிக்க இடமிருக்கிறது. ‘ரெச்சிட் கண்டிஷன்ஸ்’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை. அடைமொழியை மனிதர் மேல் ஏற்றாதீர்கள். அவருக்குக் கிடைக்கும் கூலி, அவர் தலையில் ஏறிய கடன், அவர் வீட்டின் ஒழுகும் கூரை ஆகியவற்றின் மேல் ஏற்றுங்கள்.