ஒரு பிழையால் உண்மை பொய்யாகுமா?

2024ஆம் ஆண்டு மே திங்கள் 29ஆம் நாளைத் தலைநகரில் வாழும் நாம் எளிதில் மறக்க இயலாது. முங்கேஷ்பூர் வானிலை நிலையத்தில் அன்று வெப்பம் 52.9 பாகை செல்சியஸ் என்று பதிவாயிற்று. ஊரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளுக்கு அளவில்லை. “அங்கே எப்படித்தான் இருக்கிறீர்கள்?” என்று கேட்காத உற்றார் இல்லை. சில நாட்கள் சென்றபின் இந்திய வானிலைத் துறை ஆய்ந்து பார்த்து, அந்நிலையத்துக் கருவி ஏறத்தாழ 3 பாகை மிகுதியாகக் காட்டிவிட்டது என்று அறிவித்தது.

நம் சங்கத்தின் செயற்குழு அண்மையில் கூடியபோது இச்செய்தி மீண்டும் தலைகாட்டியது. கோடை விடுமுறையில் சிறுவர்க்கு நடத்தும் விளையாட்டு விழாவை வழக்கம்போல் பிற்பகல் 3 மணிக்கு வைப்பதா, காலைப்பொழுதுக்கு மாற்றுவதா என்பதே அன்றைய கேள்வி. பெரியவர் ஒருவர் எழுந்தார். “கருவியே பொய் சொல்கிறது, தம்பி! இமயத்துப் பனியெல்லாம் 2035இல் உருகிப்போகும் என்று அறிவியலார் சொன்னார்கள். பிறகு தவறு என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இவர்கள் பேச்சைக் கேட்டு விழாவை மாற்றுவதா?” என்றார். இளைஞர் ஒருவர் மறுமொழி கூறினார்: “ஐயா, உலகமே அழியப் போகிறது. விழா நேரத்தை மாற்றி என்ன ஆகப்போகிறது?”

இருவரும் ஒருவரையொருவர் மறுத்தே பேசினர். ஆயினும் இருவர் பேச்சும் வந்து நின்ற இடம் ஒன்றே: ஒன்றும் செய்ய வேண்டியதில்லை! முடிவு எட்டப்படாமலே கூட்டம் கலைந்தது. உலகம் வெப்பமாகி வருவது பற்றி நாடெங்கும் நடைபெறும் வழக்கின் சிறிய வடிவமே இது என்று நமக்குத் தோன்றியது. ஆகவே, பெரியவர் எடுத்துக்காட்டிய பிழையை முதலில் நேர்மையாக நோக்குவோம்.

அவர் கூறியது மெய்யே. 1988இல் நிறுவப்பட்ட ஐ.பி.சி.சி. எனப்படும் பன்னாட்டுக் காலநிலைக் குழு 2007இல் தன் நான்காம் மதிப்பீட்டை வெளியிட்டது. அதில், ஆயிரம் பக்கத்தை நெருங்கும் ஒரு தொகுதியில், இமயத்துப் பனியாறுகள் 2035ஆம் ஆண்டுக்குள் மறைந்துவிடக்கூடும் என்னும் கூற்று இடம்பெற்றது. அந்த ஆண்டு முறையான ஆய்வில் கண்ட முடிவன்று. 1999இல் இதழொன்றுக்கு அளிக்கப்பட்ட செவ்வியில் தோன்றி, இயற்கைப் பாதுகாப்பு அமைப்பொன்றின் 2005ஆம் ஆண்டு அறிக்கை வழியாக வந்து புகுந்துகொண்ட எண் அது.

2009 நவம்பரில் நம் நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற வி. கே. ரைனா எழுதிய ஆய்வுரையை வெளியிட்டது. பனியாறுகள் அத்துணை விரைவாக அழிவதாகச் சான்றில்லை என்றது அவ்வுரை. அன்று குழுவின் தலைவராயிருந்த ராஜேந்திர பச்சௌரி, அஃது அறிவியலே அன்று என்னும் பொருள்பட இகழ்ந்து பேசினார். ஆனால் 2010 சனவரியில் அக்குழுவே தன் பிழையை ஒப்பி வருத்தம் தெரிவித்தது. குழுவின் நடைமுறைகளை ஆராயுமாறு உலக நாடுகளின் அறிவியற் கழகங்கள் கேட்டுக்கொள்ளப்பட்டன. சரிபார்க்கும் முறை இன்னும் இறுக்கமாக வேண்டும் என்று அவை அவ்வாண்டிலேயே பரிந்துரைத்தன. எண்ணைச் சரிபாராது ஏற்றது ஒரு பிழை. ஐயுற்றவரை இகழ்ந்தது அதனினும் பெரிய பிழை. மக்களின் நம்பிக்கையை மிகுதியாகக் குலைத்தது இந்த இரண்டாவதே என்று நாம் கருதுகிறோம்.

இனி, அப்பிழையை நீக்கிய பின் எஞ்சுவது யாது என்று பார்ப்போம். முங்கேஷ்பூர்க் கருவி பிழைபட்ட அதே நாளில், சப்தர்ஜங் நிலையம் 46.8 பாகையைப் பதிவு செய்தது. 79 ஆண்டுகளில் அங்கு காணாத வெப்பம் அது. கருவியின் பிழையைக் கழித்துவிட்டாலும் வெயிலைக் கழித்துவிட முடியவில்லை. இமயத்தின் நிலையும் அவ்வாறே. காட்மாண்டுவில் இயங்கும் பன்னாட்டு மலைவள மேம்பாட்டு மையம் 2019இல் விரிவான மதிப்பீடு ஒன்றை வெளியிட்டது. உலக வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் அடக்கினாலும், இந்நூற்றாண்டின் இறுதிக்குள் இந்து குஷ் – இமயப் பகுதியின் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு அழியும் என்றும், புகையைக் குறையாது பெருக்கினால் மூன்றில் இரு பங்கு அழியும் என்றும் அது கூறியது. 2035 என்னும் ஆண்டு பொய்த்தது, உருகுதல் பொய்க்கவில்லை. யமுனை நீரையும் கங்கை நீரையும் பருகி வாழும் நமக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

இவ்வழக்கின் அடிப்படையும் நேற்று முளைத்ததன்று. கரியமில வாயு வெப்பத்தைப் பற்றி வைத்துக்கொள்ளும் தன்மையை 1859இல் ஜான் டிண்டால் சோதனையால் காட்டினார். காற்றில் அவ்வாயு மிகுந்தால் புவி எவ்வளவு வெப்பமாகும் என்று 1896இல் சுவீடன் நாட்டு அர்ரேனியஸ் கணக்கிட்டார். 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் அவ்வாயு ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. இப்போது 420ஐயும் கடந்துவிட்டது. ஒரு செங்கல் உடைந்திருந்தால் அச்செங்கல்லை மாற்றுகிறோம். வீட்டையே இல்லையென்று எவரும் சொல்வதில்லை.

‘இவையெல்லாம் கற்றவர்க்கன்றோ? பொதுமக்களுக்கு என்ன தெரியும்?’ என்று சிலர் கேட்கலாம். 2011இல் நம் நாட்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் நடத்திய கருத்தாய்வில், உலக வெப்ப உயர்வைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை அல்லது தெரியாது என்றவர் நூற்றுக்கு 41 பேர். அதன் பொருளைச் சுருக்கமாக விளக்கிய பின்னரோ, நூற்றுக்கு 72 பேர் அது நிகழ்கிறது என்று கூறினர். சொல்லை அறியாதவரும் பொருளை அறிந்திருந்தனர். மழை தவறுவதையும் கிணறு வற்றுவதையும் உணர ஒருவருக்குப் பட்டம் எதற்கு? புரியும் மொழியில் எடுத்துரைப்பார் இல்லாமையே குறை.

புரிந்துகொண்டால் செயல் பிறக்கும் என்பதற்கு அகமதாபாத் சான்று. 2010 மே மாதத்தில் அந்நகரிலும் வெப்பம் 46.8 பாகையைத் தொட்டது. வழக்கமாக நிகழும் இறப்புகளைவிட அம்மாதத்தில் 1,344 இறப்புகள் மிகுதி என்று பின்னர்க் கணக்கிடப்பட்டது. ‘வெயிலென்றால் சுடத்தான் செய்யும்’ என்று நகராட்சி அமர்ந்துவிடவில்லை. காந்திநகரிலுள்ள பொதுச் சுகாதாரக் கல்வி நிலையம் முதலியவற்றோடு கூடி, 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசியாவில் இத்தகையதில் அதுவே முதலாவது. 41 பாகையைத் தாண்டினால் மஞ்சள், 43ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 45ஐ எட்டினால் சிவப்பு என்று எச்சரிக்கை வகுக்கப்பட்டது. மருத்துவர்க்குப் பயிற்சி, குடிநீர்ப் பந்தல், பூங்காவில் நிழல் என யாவும் எளிய செயல்களே. அதன்பின் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டன என்று 2018இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. இது மதிப்பீடேயன்றித் தலையெண்ணிய கணக்கன்று. எனினும், ஐயமெல்லாம் தீரட்டும் என்று அந்நகர் காத்திருந்தால் மதிப்பிடவும் ஒன்று இருந்திராது.

முழு உறுதி கிடைத்தபின்தான் முடிவெடுப்போம் என்று நம்மில் எவர் வாழ்ந்திருக்கிறோம்? நம் பெற்றோரும் பாட்டன்மாரும் தில்லிக்கு வண்டியேறியது எந்த உறுதியின்மீது? முன்னே வந்த உறவினர் ஒருவர், ‘இங்கே வேலை கிடைக்கும் போலிருக்கிறது’ என்று எழுதிய ஒரு கடிதத்தின்மீதுதான். எழுதியவர் நம்பத் தக்கவரா என்று பார்த்தார்கள், வேறிருவரைக் கேட்டார்கள், போனால் என்ன இழப்பு, போகாவிட்டால் என்ன இழப்பு என்று எடைபோட்டார்கள், பிறகு துணிந்தார்கள். கடிதத்தில் ஒரு தெருப்பெயர் பிழையாக இருந்ததற்காகப் பயணத்தைக் கைவிட்டவர் இல்லை. அறிவியலார் கூற்றை எடைபோடவும் இந்த அறிவே போதும்.

ஐயம் இருவகை. அறிய விரும்பும் ஐயம் ஒன்று. தள்ளிப்போட விரும்பும் ஐயம் மற்றொன்று. முன்னது கேள்வி கேட்கும், விடை வந்தால் ஏற்கும். பின்னது ஒரு விடை வந்தால் வேறொரு கேள்வியைத் தேடிப் போகும். நம் பெரியவரின் ஐயம் முன்னதே என்பது நம் நம்பிக்கை. இளைஞருக்கும் ஒரு சொல்: அழிவு உறுதி என்று சொல்வதும் சான்றில்லாத ஒரு முடிவே. மூன்றில் ஒன்றுக்கும் மூன்றில் இரண்டுக்கும் இடையிலுள்ள பனி, மனிதர் செயலைப் பொறுத்தது.

செயற்குழு மீண்டும் கூடும்போது நாம் வைக்கவிருக்கும் தீர்மானம் இதுவே. விளையாட்டு விழா காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடியட்டும். பந்தலிடும் தொழிலாளர் நண்பகலில் வாடாதவாறு, முதல்நாள் மாலையிலேயே அவ்வேலை நடக்கட்டும். அவர்களுக்கும் வாயிற்காவலர்க்கும் குடிநீரும் மோரும் சங்கத்தின் செலவில் வழங்கப்படட்டும். கோடைக்கு முன் சங்கக் கட்டடத்தின் மொட்டைமாடிக்கு வெள்ளையடிக்கட்டும். இவற்றால் உலகின் வெப்பம் தணிந்துவிடாது என்பதை அறிவோம். ஆனால் நம் குழந்தை ஒன்று மயங்கி விழாதிருக்கும். நாம் கணித்ததைவிட அன்று வெயில் குறைந்திருந்தால் இழப்பென்ன? ஒருநாள் முன்னதாகவே துயிலெழுந்தோம், அவ்வளவே.

மாற்றுக் கருத்துடைய அன்பர்கள் தவறாது கூட்டத்திற்கு வந்து எடுத்துரைக்க வேண்டுகிறோம். எங்கள் கூற்றில் பிழையிருப்பின் சுட்டிக்காட்டுங்கள், இகழமாட்டோம், திருத்திக்கொள்வோம். ஆனால் இம்முறை முடிவெடுக்காமல் கலையவும் மாட்டோம்.