மெலோடிகாவும் மிக்ஸிங் போர்டும்: அகஸ்டஸ் பாப்லோவின் ரெகே

அகஸ்டஸ் பாப்லோ ஜமைக்காவின் ரெகே இசைக் கலைஞர், தயாரிப்பாளர். இயற்பெயர் ஹோரஸ் ஸ்வாபி. 1954 ஜூன் 21இல் பிறந்தார். ரெகே என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது பாப் மார்லியின் குரல்தான். பாப்லோவோ பெரும்பாலும் பாடவே இல்லை. ராஸ்தஃபாரி சமயப் பற்று, ரூட்ஸ் ரெகேயின் கனத்த தாளம், ஒலிக்கூடக் கருவிகளின் மின்னணு வித்தை ஆகிய மூன்றையும் வாத்திய இசையிலேயே இணைத்தார். அந்த இசையில் பெரும்பகுதியைச் சொந்த லேபிளில்தான் வெளியிட்டார்.

அவர் கையில் எடுத்த மெலோடிகா, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுரம் பழக்கக் கொடுக்கும் சின்னக் கருவி. ஆர்மோனியத்தின் துருத்தியைக் கழற்றிவிட்டு வாயால் ஊத வைத்தால் எப்படியிருக்குமோ, ஏறக்குறைய அப்படி: ஒரு கை கட்டைகளை அழுத்தும், மூச்சு உள்ளேயுள்ள உலோக நாக்குகளை அதிரவைக்கும். பெரிய கலைஞர்கள் பெரும்பாலும் அதைப் பொருட்டாக மதித்ததில்லை. பள்ளித் தோழி ஒருத்தியிடம் இரவல் வாங்கிய மெலோடிகாவுடன் கிங்ஸ்டனில் ஹெர்மன் சின்-லாய் என்ற தயாரிப்பாளரின் இசைத்தட்டுக் கடைக்குள் நுழைந்தார் ஸ்வாபி. சின்-லாய் அவர் வாசிப்பை அங்கேயே பதிவுசெய்ய முடிவெடுத்தார். ‘அகஸ்டஸ் பாப்லோ’ என்பது சின்-லாய் ஏற்கெனவே சில வாத்திய இசைத்தட்டுகளுக்கு இட்டிருந்த கற்பனைப் பெயர். அது இந்த ஒல்லிப் பையனுக்கு வந்து சேர்ந்து, அவரோடு நிலைத்துவிட்டது. அடுத்து, பள்ளித் தோழர் கிளைவ் சின் தயாரித்த ‘ஜாவா’ 1970களின் தொடக்கத்தில் ஜமைக்காவில் பெரிய வெற்றி பெற்றது.

மெலோடிகாவில் வேகம் காட்டி அசத்துவது அவர் நோக்கமல்ல. மைனர் ஸ்கேலில் ஒரு சுரத்தைப் பிடித்து, நீளமாக இழுத்து, கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்ததுக்குப் போவார். சோகமும் தியானமும் கலந்த இந்தப் பாணியை ஜமைக்காவில் ‘ஃபார் ஈஸ்ட்’ என்றார்கள். கீழை நாடுகளின் இசையிலிருந்து நேரடியாகப் பெற்றது என்று அதைச் சொல்ல முடியாது. ரெகேக்கு முந்தைய ஸ்கா இசைக் காலத்து டிராம்போன் மேதை டான் டிரம்மண்டிடமே அந்தச் சாயல் உண்டு. பாப்லோவின் மனம் நோக்கிய கிழக்கு எத்தியோப்பியா. 1930இல் அங்கே முடிசூடிய ஹைலே செலாசியைத் தெய்வமாகக் கொண்டதுதான் ராஸ்தஃபாரி இயக்கம். ‘ஈஸ்ட் ஆஃப் தி ரிவர் நைல்’ என்ற அவருடைய ஆல்பத்தின் பெயரிலேயே அந்தத் திசை தெரிகிறது. வரிகளே இல்லாத இசையில் பக்தியைக் கேட்கவைப்பது எளிதல்ல. அந்த ஆல்பத்தில் அது கைகூடியிருக்கிறது.

சொந்த லேபிளுக்கு அவர் வைத்த பெயர் ‘ராக்கர்ஸ்’. அடுத்தவர் பணத்தில் பதிவுசெய்திருந்தால், பாட்டே இல்லாத இசையை இத்தனை பிடிவாதமாக வெளியிட்டிருக்க முடியுமா என்பது சந்தேகமே. பாடகர்களையும் அவர் வளர்த்தார். பதின்வயது ஹ்யூ மண்டெல்லைப் பாடவைத்து எடுத்த ‘ஆஃப்ரிக்கா மஸ்ட் பி ஃப்ரீ பை 1983’ ரூட்ஸ் ரெகேயின் முக்கியமான ஆல்பங்களில் ஒன்று.

அவருடைய இசையின் மின்னணுப் பக்கத்துக்கு இன்னொருவர் வேண்டியிருந்தது: கிங் டபி என்ற ஆஸ்போர்ன் ரடக். ரேடியோ பழுதுபார்ப்பு, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுதல், தெரு நடனங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்தல் என்று பிழைத்த மெக்கானிக். கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில், வீட்டிலேயே ஒலிக்கூடம் வைத்திருந்தார். பதிவான பாட்டைப் பிரித்துப்போட்டு மிக்ஸிங் போர்டிலேயே புதிதாகக் கட்டும் ‘டப்’ முறை அவர் கையில்தான் முழு வடிவம் பெற்றது.

செய்முறை இதுதான். நான்கு டிராக் டேப்பில் டிரம்ஸும் பேஸும் ஓடிக்கொண்டிருக்கும். டபி குரலைச் சட்டென்று மூடுவார். கிட்டாரின் ஒரே ஒரு வெட்டை மட்டும் திறந்து எக்கோவுக்குள் தள்ளுவார். அது தேய்ந்து மறைவதற்குள் வேறொரு திருகைச் சுழற்றி டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டொலியைச் சீறவைப்பார். எல்லாம் டேப் ஓட ஓட, அந்த நொடியில் கை போனபடி. இன்னொரு முறை செய்தால் அதேபோல் வராது.

இருவரின் உழைப்பும் உச்சம் தொட்டது ‘கிங் டபிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’. ஜேக்கப் மில்லர் பாடிய ‘பேபி ஐ லவ் யூ ஸோ’ என்ற காதல் பாட்டின் டப் வடிவம் அது. மில்லரின் குரல் ஒரு துணுக்காக எழுந்து, எதிரொலியாக உடைந்து கரைகிறது, பின்னால் பாப் மார்லியின் டிரம்மர் கார்ல்டன் பாரெட்டின் தாளம் அசையாமல் நிற்கிறது, நடுவே மெலோடிகா. பிரிட்டனில் இசைத்தட்டின் பின்பக்கத்தில் வந்த இந்த வடிவம், முன்பக்கத்துப் பாட்டையே மறக்கடித்தது. இதே பெயரில் 1976இல் வெளிவந்த ஆல்பத்தை டப் இசையின் சிகரங்களில் ஒன்றாக இன்றும் சொல்கிறார்கள். காதல் வரிகளை உருவிவிட்டால் எஞ்சும் வெற்றிடம் பிரார்த்தனைக் கூடம்போல் ஒலிப்பதுதான் இதிலுள்ள விந்தை.

1985இல் பாடகர் வெய்ன் ஸ்மித்தின் ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ பாட்டு, கேஸியோ கீபோர்டில் இருந்த ஆயத்தத் தாளத்தின்மேல் எழுந்து ஜமைக்காவையே புரட்டிப்போட்டது. கணினித் தாளம் வந்ததும் ரூட்ஸ் கலைஞர்கள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். பாப்லோ ஒதுங்கவில்லை. மறுவருடமே டிஜிட்டல் தாளத்தில் பாடகர் ஜூனியர் டெல்காடோவுக்கு ‘ராகமஃபின் இயர்’ ஆல்பத்தைத் தயாரித்தார். 1990இல் வந்த ‘ப்ளோயிங் வித் தி விண்ட்’ ஆல்பத்தில் ராஸ்தஃபாரி வழிபாட்டு முரசிசையான நையாபிங்கியும் சேர்ந்துகொண்டது. அந்தக் காலத்து டிஜிட்டல் பதிவுகள் எல்லாமே ஒரே தரமல்ல. சிலவற்றில் இயந்திரத் தாளத்தின் வறட்சி தூக்கலாகவே இருக்கிறது.

மையஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் அவரை நெடுநாள் வருத்தியது. 1999 மே 18இல், நுரையீரல் செயலிழந்து, 44 வயதில் இறந்தார். பிரிட்டனில் நடனங்களுக்கு இசைத்தட்டு போட்ட ஜா ஷாகா போன்ற சவுண்ட் சிஸ்டம்காரர்கள் அவருடைய இசையைப் பரவலாகக் கொண்டுசென்றார்கள். 2001இல் வெளிவந்த கொரில்லாஸ் குழுவின் ‘கிளின்ட் ஈஸ்ட்வுட்’ பாட்டில் டேமன் ஆல்பர்ன் மெலோடிகா ஊதுவதைக் கேட்டால் பாப்லோவின் நிழல் தெரியும். மகன் ஆடிஸ் பாப்லோவும் அதே கருவியைத்தான் வாசிக்கிறார்.