கவலையும் கடவுள் நம்பிக்கையும்

மானிடராய்ப் பிறந்தார் எவர்க்கும் கவலையென்பது ஒன்று உண்டு. செல்வனுக்கு உள்ள பொருள் போய்விடுமோ என்னுங் கவலை. வறியனுக்கு இல்லாத பொருள் வாராதோ என்னுங் கவலை. பெற்றோர்க்கு மக்களைப் பற்றிய கவலை. மாணாக்கராகிய நமக்கோ தேர்வு, கட்டணம், பிற்கால வாழ்வு என்னும் மூன்றையும் பற்றிய கவலை. இவ்வாறு யாவரையும் பற்றி நிற்கும் இதன் இயல்பு யாது? இதனை வெல்லும் வழி யாது? கிறிஸ்து பெருமானின் அடியார்க்கு இவ்விஷயத்தில் கிடைத்துள்ள துணை யாது? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண், கவலை என்னுஞ் சொல்லையே நோக்குவோம். மனத்துயரைக் குறிக்கும் இச்சொல்லுக்குப் பண்டைத் தமிழில் கவர்த்த வழி என்றும் பொருளுண்டு. காட்டினூடே செல்லும் வழிப்போக்கன், ஒரு வழி இரண்டாகவும் மூன்றாகவும் பிரியுமிடத்தில், எதிற் செல்வதெனத் தெரியாது மயங்கி நிற்பான். கவலையுற்றவன் நிலையும் அதுவேயன்றோ? அவனுடைய உள்ளம் பல வழியாகப் பிரிகின்றது. 'இது நேர்ந்தால் என் செய்வேன்? அது நேர்ந்தால் என் செய்வேன்?' என்று ஒவ்வொரு வழியிலும் சிறிது தூரம் ஓடி, மீண்டும் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்கின்றது. பொழுது சாய்கின்றது, களைப்பு மிகுகின்றது, கடந்த தூரமோ ஓரடியும் இல்லை.

இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. மின்பொறிகள் வருமுன் எருதுகளைப் பூட்டிக் கிணற்றுநீர் இறைத்த கருவிக்கும் கவலை என்றே பெயர். அவ்வெருதுகளும் முன்னும் பின்னுமாக ஒரே தடத்தில் நடந்தன. ஆனால் ஒவ்வொரு நடைக்கும் ஒரு சால் நீர் மேலே வந்தது, பயிர் நனைந்தது. ஆகவே, வருவதை முன்னறிந்து அதற்கென உழைப்பது வேறு. வருவதை எண்ணி எண்ணி ஏங்குவது வேறு. முன்னதற்கு முயற்சி என்றும் முன்யோசனை என்றும் பெயர். அது நீர் இறைக்குங் கவலை. பின்னது வழியறியாது நிற்குங் கவலை. நாம் வெல்லவேண்டுவது பின்னதையேயன்றி முன்னதையன்று.

ஆண்டவராகிய இயேசு மலைமேல் அமர்ந்து செய்த பிரசங்கத்திலும் இவ்வேறுபாடு விளங்குகின்றது. வானத்துப் பறவைகளையும் வெளியில் மலரும் பூக்களையும் சுட்டிக்காட்டி, அவற்றைப் பேணும் தந்தை உங்களைக் கைவிடுவாரோ என்று அவர் வினவினார். பறவைகள் கூட்டில் வாய்திறந்து படுத்திருப்பன அல்ல. விடியுமுன் எழுந்து இரை தேடுவன. உழைப்பை விடுமின் என்று பெருமான் கூறவில்லை. ஏக்கத்தை விடுமின் என்றே கூறினார். நாளைய பாரத்தை இன்றே சுமக்கவேண்டா என்றார். இன்றைய பாரத்தைச் சுமப்பதற்கு வேண்டிய வலிமை இன்று அருளப்படும். நாளைக்குரிய வலிமையோ நாளைக்கே அருளப்படும். இன்றைய வலிமையைக்கொண்டு நாளைய சுமையையும் தூக்க முயல்வதனாலேயே நம் தோள் முறிகின்றது. ஒப்பற்ற இறைவன் திருவடியை அடைந்தார்க்கன்றிப் பிறர்க்கு மனத்துயர் நீங்குதல் அரிதென்னுங் கருத்தை வள்ளுவனாரும் தம் நூலின் முதலதிகாரத்திலேயே வைத்தமை இங்கு நினைத்தற்குரியது.

'கடவுளை நம்பினார்க்குத் துன்பமே வாராதோ? வந்த துன்பத்தை உணராதிருத்தல்தான் விசுவாசமோ?' எனச் சிலர் வினவக்கூடும். அன்று. கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவரே மிகவும் வியாகுலமுற்றார். அப்பாத்திரம் நீங்கும்படி மும்முறை ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை, ஆனால் அதனை ஏந்தும் திடம் வந்தது. எலியா தீர்க்கதரிசி உயிர்வெறுத்து வனாந்தரத்தில் ஒரு செடியின்கீழ்ப் படுத்தபோது, கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதன் வாயிலாக அப்பமும் நீரும் அளித்து, உறங்கச் செய்து, பின்னரே அவரோடு பேசினார். ஆதலின், கலங்கினோமே என்று வெட்கி, கவலைக்குமேற் கவலையைக் கூட்டிக்கொள்ளுதல் வேண்டா. கலங்கிய உள்ளத்தை எவரிடம் கொண்டுசெல்கின்றோம் என்பதே கேள்வி.

இதற்குச் சரித்திரத்தினின்று ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். செருப்புத் தைக்கும் தொழிலாளராயிருந்து 1793-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு மிஷனெரியாக வந்த வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு என்பாருடன் கூடி, வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள சிராம்பூரில் அச்சகம் ஒன்று நடத்தினார். 1812-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் நாள் மாலை அவ்வச்சகம் தீப்பற்றியது. பல கீழ்நாட்டு மொழிகளுக்கென வார்த்த எழுத்துக்கள் உருகின; காகிதக் குவியல்கள் சாம்பலாயின. பன்மொழி அகராதி ஒன்றிற்காகக் கேரி பல ஆண்டு உழைத்துத் திரட்டிய கையெழுத்துப் படிகளும் எரிந்தன. அழிந்தவற்றுள் நம் தமிழெழுத்துக்களும் இருந்தன. அப்போது கேரி கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் மார்ஷ்மன் சென்று செய்தி சொன்னார்.

கேரியின் கண்கள் கலங்காமலில்லை. எனினும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் செய்த பிரசங்கத்தின் பொருள் இது: தம் விருப்பப்படி நம்மை நடத்தக் கடவுளுக்கு உரிமையுண்டு, அதற்கு இசைந்து அமர்வது நம் கடமை. இவ்வளவோடு நின்றிருந்தால் அதனை வெறும் பொறுமை என்னலாம். ஆனால் தீ அணைந்தவுடனே வார்டு சாம்பலைக் கிளறினார். எழுத்து வார்ப்பதற்குரிய எஃகு அச்சுக்கள் கெடாதிருக்கக் கண்டார். உருகிய ஈயம் சேர்க்கப்பட்டது. அண்மையிலிருந்த வேறொரு கட்டடத்தில் வேலை தொடங்கியது. செய்தி இங்கிலாந்தை எட்டியபின் ஏறத்தாழ இரண்டு மாதத்திற்குள் நட்டத்திற்கு ஈடான பொருள் திரண்டது. மறு ஆண்டாகிய 1813-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அவ்வச்சகத்தினின்றே வெளிவந்தது.

ஒருமுறை நடந்த வழியில் மறுமுறை நடப்பது, வருத்தந் தருவதாயினும், முன்னையினும் எளிதும் உறுதியும் உடையது என்னுங் கருத்துப்படக் கேரி அக்காலத்து எழுதினார். கவலை பல வழிகாட்டி மயக்குகின்றது. நம்பிக்கையோ ஒரு வழியைக் காட்டி நடக்கச் செய்கின்றது. ஆயினும், எரிந்தவை யாவும் மீளவில்லை என்பதையும் மறைத்தலாகாது. அப்பன்மொழி அகராதி மீண்டும் எழுதப்படவேயில்லை. இழந்ததெல்லாம் திரும்பக் கிடைக்கும் என்பதன்று விசுவாசம். இழப்பின் நடுவிலும் நாம் கைவிடப்படவில்லை என்பதே விசுவாசம்.

என் சிற்றனுபவம் ஒன்றையும் கூற விழைகின்றேன். கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில், தேர்வுக்கு ஒரு திங்கள் இருக்கும்போது, என் தந்தையார் நோயுற்றார் என்ற செய்தி வந்தது. கட்டணத்திற்கென வைத்த பணம் மருந்திற்குச் செலவாயிற்று. விடுதியில் நூலைத் திறந்துவைத்து ஒரே பக்கத்தை மூன்று இரவு நோக்கியிருந்தேன். ஒரு வரியும் மனத்திற் பதியவில்லை. ஊருக்குச் சென்றபோது என் பாட்டியாரைக் கண்டேன். விடியலில் முழந்தாளிட்டு மகனுடைய பெயரைச் சொல்லி அழுது ஜெபித்தார். ஆமென் சொல்லி எழுந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கச் சென்றார். அன்று நான் கற்ற பாடத்தை எந்நூலிலும் கற்றதில்லை. திரும்பிவந்து, அதுகாறும் வெட்கத்தினால் மறைத்திருந்த நிலையை ஆசிரியர் ஒருவரிடம் உரைத்தேன். கட்டணத்தை இருமுறையாகச் செலுத்த அவர் வழிசெய்தார். தந்தையார் பிழைத்தார், ஆனால் அவருடைய வலக்கை இன்றும் முன்போல் வழங்கவில்லை. நாங்கள் கேட்டது முழுதும் கிடைக்கவில்லை; வேண்டியது கிடைத்தது.

ஆகவே, கவலையை வெல்ல விரும்புவோர் கைக்கொள்ளத் தக்கவை மூன்று. ஒன்று, உள்ளத்திலுள்ளதை ஒளிக்காது கடவுளிடம் பெயர் சொல்லிக் கூறுதல். உருவற்ற அச்சம் பெயர் பெற்றவுடன் பாதி சிறுக்கும். இரண்டு, பெற்ற நன்மைகளை எண்ணி நன்றி செலுத்துதல்; பவுல் அப்போஸ்தலர் காவலில் இருந்துகொண்டே பிலிப்பியர்க்கு எழுதிய நிருபத்தில் விண்ணப்பத்தோடு நன்றியையும் சேர்த்தே வைத்தார். மூன்று, எழுந்து இன்றைய கடமையைச் செய்தல். பிறர் உதவி வேண்டுமாயின் நாணாது கேட்டல், பிறர் கவலையுற்றுழி நாம் சென்று உதவுதல். கடவுளின் உதவி பெரும்பாலும் மனிதர் கைகளின் வழியாகவே வருகின்றது.

நண்பர்காள்! தேர்வு நாட்கள் அண்மையில் உள்ளன. நம்மிற் சிலர் அறைக்கதவை அடைத்துக்கொண்டு, எவரிடமும் சொல்லாத சுமையோடு விழித்திருத்தல் கூடும். அத்தகையார் ஒருவரேனும் இதனைப் படித்து, இன்றிரவு ஜெபித்து உறங்கி, நாளை அடுத்த அறை நண்பனிடம் வாய்திறப்பாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை அடைந்தேனாவேன். பிரிந்த வழிகள் பலவாயினும் அழைக்கும் குரல் ஒன்றே. அக்குரலைக் கேட்டு ஓரடி எடுத்துவைப்போமாக.