ராணிக்கு எழுதிக்கொடுத்த சிற்றாலயம்

பம்பாய் ஆங்கிலேயருக்குக் கல்யாணச் சீதனமாகப் போன கதையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். கல்யாணப் பெண்ணைப் பற்றி அந்தப் பாடம் ஒரு வரிக்கு மேல் சொல்லியிருக்காது. அவர் பெயர் கேத்தரின். போர்ச்சுகலின் பிரகான்சா வம்சத்தில் 1638-ல் பிறந்தவர். 1662-ல், 23 வயதில், இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸுக்கு வாழ்க்கைப்பட்டு, முப்பது ஆண்டு அந்த நாட்டில் இருந்தார். பிள்ளையில்லாதவர், கணவர் மதிக்காதவர், பரிதாபத்துக்குரியவர் என்பதுதான் அவரைப் பற்றி நெடுங்காலமாக எழுதப்பட்டுவந்த சித்திரம். தேநீரை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் என்று ஆறுதலுக்கு ஒரு பட்டமும் உண்டு. (அதுவும் முழு உண்மை இல்லை. அவர் வந்து இறங்குவதற்கு முன்பே, 1660 செப்டம்பரில், சாமுவேல் பீப்ஸ் லண்டனில் தேநீர் குடித்ததை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அரண்மனையில் அதை நாகரிகமாக்கியதை வேண்டுமானால் ராணியின் கணக்கில் எழுதலாம்.) அவர் பட்ட பாட்டுக்குத் தலையெழுத்தையும் கணவரின் குணத்தையும் காரணம் சொல்வது வழக்கம். கல்யாண ஒப்பந்தத்தைக் கவனித்தால் வேறொன்று தெரிகிறது. அவரைக் காப்பாற்றுவதற்கென்று அதில் எழுதிய ஷரத்தே, புகுந்த வீட்டில் அவரைக் கடைசிவரை வெளியாளாக நிறுத்திவைத்தது.

1640-ல் ஸ்பெயினின் பிடியிலிருந்து விடுபட்ட போர்ச்சுகலுக்கு இருபது ஆண்டு கழித்தும் போர் ஓயவில்லை. துணை நின்ற பிரான்சும் 1659-ல் ஸ்பெயினோடு சமாதானம் செய்துகொண்டது. இங்கிலாந்திலோ 1660-ல் அரியணைக்குத் திரும்பிய சார்லஸுக்குக் கடன் கழுத்தை நெரித்தது. ஒருவருக்குப் படை வேண்டும், மற்றவருக்குப் பணம் வேண்டும்; 1661-ல் சம்பந்தம் முடிவானது. பம்பாய், வட ஆப்பிரிக்காவின் டாஞ்சியர், பிரேசிலிலும் கீழைநாடுகளிலும் வணிக உரிமை, இருபது லட்சம் குருசாடோ ரொக்கம் என்று பேசினார்கள். பெண்ணை அழைத்துப்போகக் கப்பல்களோடு வந்த சாண்ட்விச் பிரபுவிடம் பாதித் தொகைக்குத்தான் வழி இருக்கிறது என்றார்கள். அதிலும் பெரும்பகுதி சர்க்கரையும் சரக்குமாக ஏறியது. அதை விற்றுக் காசாக்கித் தர துவார்த்தே த சில்வா என்ற வணிகரும் கூடவே கப்பலேறினார். பம்பாயும் சுலபமாகக் கைமாறவில்லை. கோவாவில் இருந்த போர்ச்சுகீசிய வைஸ்ராய் இழுத்தடித்ததில், பொறுப்பேற்க வந்த ஆங்கிலச் சிப்பாய்கள் கார்வார் அருகே அஞ்சதீவில் ஒதுங்கி நோயில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அவர்கள் தலைவர் ஆபிரகாம் ஷிப்மனும் அங்கேயே இறந்தார். 1665-ல்தான் ஊர் கைக்கு வந்தது. 1668-ல் அதை ஆண்டுக்குப் பத்து பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுவிட்டார் மன்னர். அதே 1668-ல் ஸ்பெயின் போர்ச்சுகலின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டது. இரண்டு வீட்டாருக்கும் அத்தோடு கணக்கு நேரானது. பெண் மட்டும் இன்னும் 24 ஆண்டு அங்கே இருந்தாக வேண்டியிருந்தது.

ஒப்பந்தத்தில் பெண்ணுக்கென்று எழுதியவை முக்கியமாக இரண்டு: ஆண்டுக்கு 30,000 பவுன் வருமானம், கத்தோலிக்கராகவே வழிபடச் சொந்தச் சிற்றாலயம். இரண்டாவதன் கனம் இன்று எளிதில் புரியாது. அன்றைய இங்கிலாந்தில் கத்தோலிக்கப் பூசை சட்டவிரோதம். ஆங்கிலேயர் ராணியின் சிற்றாலயத்துக்குப் போய்ப் பூசை காணக்கூடாது என்று அரசாணைகளும் வந்தன. நாட்டின் சட்டம் செல்லாத ஓர் இடம் அரண்மனைக்குள்ளேயே, ராணியின் பெயரில் இருந்தது. கல்யாணமே போர்ட்ஸ்மத்தில் இரண்டு முறை நடந்தது: உள்ளறையில் இரகசியமாகக் கத்தோலிக்க முறைப்படி, பிறகு வெளியே ஆங்கிலிக்கன் முறைப்படி. அவருக்கு முடிசூட்டு விழாவும் நடக்கவில்லை.

ராணியின் வழிபாட்டைக் காத்த ஒப்பந்தம் அவருடைய அறையைக் காக்கவில்லை. அந்தரங்கப் பணிப்பெண்களின் பட்டியல் வந்தபோது அதில் கணவரின் ஆசைநாயகி பார்பரா பாமர் பெயர் இருந்தது; கேத்தரின் அதை அடித்துவிட்டார். பிறகு சபையில், யாரென்று சொல்லாமலே மன்னர் அந்தப் பெண்ணை அறிமுகப்படுத்தினார். யாரென்று தெரிந்ததும் ராணிக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது, மயங்கி விழுந்தார். அமைச்சர் கிளாரண்டனைத் தூது விட்டும் ராணி மசியாதபோது, சார்லஸ் போர்ச்சுகீசியப் பரிவாரத்தையே ஊருக்கு அனுப்பிவிட்டார். கண்பார்வை மங்கிய முதிய பெனால்வா சீமாட்டியும் பாதிரியார்கள் சிலரும் சமையலாட்களும் மிஞ்சினார்கள். ராணி இறங்கிவந்தார். அதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. மொழி தெரியாத ஊரில், சொந்த மனிதர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேற்றப்படும்போது வேறு என்ன செய்திருக்க முடியும் என்பதை அவர்கள் சொல்லவில்லை.

ஷரத்தின் விலை 1678-ல் தெரிந்தது. கத்தோலிக்கர்கள் மன்னரைக் கொல்லச் சதி செய்வதாக டைட்டஸ் ஓட்ஸ் என்ற புளுகர் கிளப்பிய புரளியில் லண்டனே வெறிபிடித்து நின்றது. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவுசெய்த நீதிபதி எட்மண்ட் பெரி காட்ஃப்ரே அக்டோபரில் பிணமாகக் கிடந்தார். கொலை நடந்த இடம் ராணியின் சாமர்செட் மாளிகை என்று ஒரு சாட்சி முளைத்தது. நவம்பரில் ஓட்ஸ், மன்னருக்கு விஷம் வைக்க ராணியே உடந்தை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். ராணியையும் அவர் ஆட்களையும் அரண்மனையிலிருந்து வெளியேற்றக் கேட்டு மக்களவை தீர்மானம் போட்டது; பிரபுக்கள் அவை சேராததால் அது நின்றது. ராணியின் வைத்தியர் ஜார்ஜ் வேக்மனை 1679 ஜூலையில் நடுவர்கள் விடுதலை செய்தார்கள். மூன்று பேருக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. சிற்றாலயத்தில் மெத்தைகளைப் போட்டு எடுக்கும் ராபர்ட் கிரீன், சாமர்செட் மாளிகையின் வாசல்காவலர் ஹென்றி பெரி, வேலைக்காரர் லாரன்ஸ் ஹில் ஆகியோரை அந்தப் பிப்ரவரியிலேயே தூக்கில் போட்டிருந்தார்கள். பெரி ஒரு புராட்டஸ்டண்ட். அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்ன மைல்ஸ் பிரான்ஸ், தான் சொன்னது பொய் என்று 1686-ல் நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார்.

மன்னர்தான் ராணியைக் கைவிடவில்லையே என்று கேட்கலாம். உண்மை. ஓட்ஸைத் தானே குறுக்குவிசாரணை செய்து மடக்கினார். விவாகரத்து செய்யச் சொன்னவர்களுக்கு இணங்கவில்லை. ஆனால் பணிப்பெண் விவகாரத்தில் ராணியை நசுக்கிய அதே விருப்பம்தான் இப்போது காப்பாற்றியது. மன்னர் மனம் வைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஷரத்து எதிரிகளுக்கு ஒரு முகவரியைக் கொடுத்தது. பாதுகாப்பை அது தரவில்லை. ராணி வசதியாகத்தானே வாழ்ந்தார் என்றால், அதையும் மறுப்பதற்கில்லை. தூக்கில் தொங்கியவர்கள் அவரைச் சுற்றி வேலை பார்த்தவர்கள்தான்.

ஓர் ஆண்பிள்ளை பிறந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பது பழைய வாதம். அதற்கான பதில் அதே அரண்மனையில் இருக்கிறது. சார்லஸின் தம்பி இரண்டாம் ஜேம்ஸுக்கு வாழ்க்கைப்பட்ட இத்தாலிய இளவரசி, மொடேனாவின் மேரி, 1688 ஜூனில் மகனைப் பெற்றார். கத்தோலிக்க வாரிசு வந்துவிட்டதே என்ற பயத்தில், படுக்கையைச் சூடாக்கும் பாத்திரத்தில் வேறு குழந்தையை ஒளித்துக் கொண்டுவந்ததாக வதந்தி கிளம்பியது. பிரசவத்தின்போது உடனிருந்த கேத்தரின், குழந்தை மேரியுடையதே என்று அக்டோபரில் மன்றத்தில் சாட்சி சொன்னார். பலனில்லை, டிசம்பரில் மேரி கைக்குழந்தையோடு பிரான்சுக்கு ஓடவேண்டியதாயிற்று. பிள்ளை பெற்ற ராணிக்குத்தான் நாடே போனது.

ஒப்பந்தத்தில் மதத்தைப் பிடித்துத் தொங்காமல் ஊரோடு ஒத்துப்போயிருக்கலாமே என்பது இன்னும் வலுவான கேள்வி. ஆஸ்திரியாவின் மரி அந்துவானெத் 1770-ல் பிரான்சுக்குள் நுழையும்போது மதப் பிரச்சினையே இல்லை, இரு வீட்டாரும் கத்தோலிக்கர். ரைன் நதித் தீவு ஒன்றில் ஆஸ்திரியப் பரிவாரத்தையும் விட்டுவிட்டுத்தான் அக்கரை போனார். 23 ஆண்டு கழித்தும் பாரிசில் அவர் ‘ஆஸ்திரியக்காரி’தான், பிறந்த வீட்டுக்குப் பணமும் படை இரகசியமும் அனுப்பியதாகக் குற்றம் சாட்டித் தலையை வெட்டினார்கள். அப்படியானால் ஷரத்து இல்லாவிட்டாலும் அந்நியம் ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும் என்பது சரியே. ஷரத்து செய்தது, அந்த அந்நியத்துக்கு ஒரு கட்டடமும் ஆட்களும் சம்பளப் பட்டியலும் கொடுத்து, யார் வேண்டுமானாலும் விரல் நீட்டும்படி வைத்தது.

கேத்தரினின் திறமையை அளக்க இங்கிலாந்து சரியான இடமே அல்ல. 1692-ல் அங்கிருந்து புறப்பட்டு ஊர் திரும்பியவர், லிஸ்பனில் பெம்போஸ்தா அரண்மனையைக் கட்டிக்கொண்டார். ஸ்பெயின் வாரிசுரிமைப் போர் நடந்துகொண்டிருந்தபோது அவருடைய தம்பி இரண்டாம் பேத்ரு 1704-லும் 1705-லும் ஆட்சிப் பொறுப்பை அவரிடம் விட்டார். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர் போர்க்காலத்தில் நாட்டை நடத்தினார். அவர் பொறுப்பில் இருந்தபோது போர்ச்சுகீசியப் படைகள் ஸ்பெயினின் எல்லைக் கோட்டைகள் சிலவற்றைப் பிடித்தன. 1705 டிசம்பர் 31-ல் இறந்தார். முப்பது ஆண்டு அவரை வைத்திருந்த நாடு அவரிடம் எதிர்பார்த்தது ரொக்கம், துறைமுகங்கள், ஒரு மகன், இவ்வளவுதான். அரசாங்க வேலை எதையும் அவரிடம் கொடுத்துப் பார்க்கவில்லை.